நுணுக்கம் தேடுபவருக்கு அதிக மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர்: என்ன தரும், என்ன கேட்கும்?

கேள்வி இது: "24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறேன். ஓவியங்களைப் பிரதி எடுப்பது, நெசவுத் துணிகள், சிறு பொருட்கள், அவ்வப்போது நிலக்காட்சி, இவைதான் என் வேலை. பெரிதாக அச்சிடும்போது நுணுக்கம் போதவில்லை. நிக்கான் டி850, கேனான் 5டிஎஸ் ஆர் மாதிரி பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) மாறினால் வித்தியாசம் தெரியுமா? மிரர்லெஸ் வந்துவிட்ட காலத்தில் இது சரியான முடிவா?"

தெரியும். ஆனால் பாடி மட்டும் மாறி, நீங்கள் படமெடுக்கும் விதம் மாறாவிட்டால், கூடுதலாகக் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்து சேராது. சென்சார் நுணுக்கத்தை உண்டாக்குவதில்லை. தன்னிடம் வந்து சேர்வதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். வழியில் அதிர்வும் தவறிய ஃபோகஸும் அளவுக்கு மீறிச் சுருக்கிய அப்பர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) தின்றுவிட்டால், 45 மெகாபிக்சலில் ஒரு மங்கலான பெரிய படம்தான் மிஞ்சும்.

முதலில் எண்களைச் சரியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மெகாபிக்சல் என்பது நம்மை எளிதில் ஏமாற்றும் அளவு. 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000. டி850 தரும் 45.7 மெகாபிக்சல் படம் 8256 × 5504. பிக்சல் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் நீளவாக்கில் கூடியது சுமார் 38 சதவீதம்தான். அச்சுக் கணக்கில் சொன்னால், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் பழைய படம் 20 அங்குல அகலம், புதியது 27.5 அங்குலம். 5டிஎஸ் ஆர் 8688 × 5792, அதாவது 29 அங்குலம். டி850க்கும் அதற்கும் நீளவாக்கில் 5 சதவீதம்தான் வித்தியாசம். அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. "50 பெரிதா 45 பெரிதா" என்ற விவாதத்தில் நேரம் செலவிட வேண்டாம். 36 மெகாபிக்சல் டி810கூட (7360 பிக்சல் அகலம்) டி850ஐவிட 11 சதவீதம்தான் குறைவு. பட்ஜெட் இடிக்கிறதென்றால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த 38 சதவீதத்தை எது தின்கிறது?

டிஎஸ்எல்ஆரில் முதல் குற்றவாளி, ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் உள்கண்ணாடி. ஷட்டரை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி மோதுகிறது, அந்த அதிர்வு பாடியிலும் லென்ஸிலும் ட்ரைபாடிலும் ஓடுகிறது, அது அடங்குவதற்குள் ஷட்டர் திரை திறந்துவிடுகிறது. 1/1000 வினாடியில் எடுத்தால் அதிர்வு படத்தில் விழ நேரமில்லை. 10 வினாடி எடுத்தால் முதல் ஒரு நொடி அதிர்வு மொத்த ஒளியில் சிறு பங்கு, அதனால் தெரியாது. நடுவில் இருக்கும் 1/2 முதல் 1/60 வரையிலான வேகங்கள்தான் ஆபத்தானவை. வீட்டுக்குள் ட்ரைபாடில் வைத்து ஓவியமோ துணியோ எடுக்கும்போது பெரும்பாலும் நாம் நிற்பது இந்த இடத்தில்தான். "ட்ரைபாடில்தானே வைத்தேன், ஏன் கூர்மை இல்லை?" என்று கேட்பவர்களில் நிறையப் பேருக்குப் பதில் இதுவே.

இதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மேசையில் ஒரு கைக்கடிகாரத்தை வையுங்கள், டயலில் மெல்லிய கோடுகளாகத் தேய்த்த உலோகம் இருந்தால் இன்னும் நல்லது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (கிட்டத்தில் வைத்துப் பெரிதாக எடுப்பது), அப்பர்ச்சர் எஃப்/8 (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்), குறைந்த ஐஎஸ்ஓ, ஷட்டர் 1/8 வினாடி. முதல் படத்தை வியூஃபைண்டரில் பார்த்து, விரலால் அழுத்தி எடுங்கள். இரண்டாவதை லைவ் வியூவில் (கண்ணாடி தூக்கியே நிற்க, பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை), ஷட்டரின் முதல் திரையை எலக்ட்ரானிக் ஆக்கி (திரை அசையாமல் சென்சாரே பதிவைத் தொடங்கும்), ரிமோட்டிலோ டைமரிலோ எடுங்கள். இரண்டையும் கணினியில் 100 சதவீதத்தில் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். முதல் படத்தில் டயலின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறப் புகையாக நிற்கும். நிமிட அடையாளங்களின் விளிம்பு மேலும் கீழுமாக இரட்டித்திருக்கும்; பக்கவாட்டு விளிம்புகள் அவ்வளவு கெட்டிருக்காது, ஏனென்றால் கண்ணாடி அசைவது மேல்கீழாகத்தான். இரண்டாவது படத்தில் ஒவ்வொரு கோடும் தனியாகப் பிரியும், கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தூசி இழைக்குக்கூட விளிம்பு இருக்கும். லென்ஸ், சென்சார், வெளிச்சம் எல்லாம் அதேதான். மாறியது எடுத்த முறை மட்டும்.

இந்த வேலைக்கென்றே வந்த பாடிகளில் இதற்கான வசதிகளைத் தயாரிப்பாளர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். டி810இல் எலக்ட்ரானிக் முதல் திரை மிரர் அப் முறையில் (கண்ணாடியை முதலில் தூக்கிவிட்டு, பிறகு எடுப்பது) வேலை செய்யும். டி850இல் மிரர் அப் மட்டுமல்லாமல் சத்தம் குறைந்த க்வயட் முறைகளிலும் கிடைக்கும், போதாததற்கு லைவ் வியூவில் ஷட்டரே அசையாத முழு எலக்ட்ரானிக் முறையும் உண்டு. அசையாத பொருளுக்கு அது அற்புதம், ஆனால் சிமிட்டும் எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டைகள் விழும், சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் இரண்டிலும் கண்ணாடியை ஸ்பிரிங்குக்குப் பதில் மோட்டார் நடத்துகிறது. மிரர் லாக்கப் (கேனானில் மிரர் அப்புக்குப் பெயர்) போட்டால், கண்ணாடி எழுந்த பிறகு 1/8 முதல் 2 வினாடி வரை காத்திருந்து தானே ஷட்டர் திறக்கும்படி அமைக்கலாம். ஒரே அழுத்தில் முடிகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

ட்ரைபாடைப் பற்றிச் சுருக்கமாக: நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், மரத்தளமாக இருந்தால் எக்ஸ்போஷர் முடியும்வரை நடக்காதீர்கள், லென்ஸின் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள். சிறு பொருட்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் அடித்து எடுங்கள். வெளிச்சம் விழுவதே ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு என்பதால் அதிர்வு பதிவாக வாய்ப்பே இல்லை.

கையில் பிடித்து எடுப்பவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது: அதிக மெகாபிக்சல் கேமரா அதிகம் ஆடும் என்று. ஒரே அளவில் அச்சிட்டால் ஆட்டம் இரண்டு கேமராவிலும் ஒன்றுதான். டி850இன் பிக்சல் 4.35 மைக்ரான், 24 மெகாபிக்சலில் 6 மைக்ரான். அதே ஆட்டம் சிறிய பிக்சல்களில் அதிக எண்ணிக்கையைக் கடக்கிறது, அதனால் 100 சதவீதத்தில் பார்க்கும்போது மோசமாகத் தோன்றுகிறது. புதிய கேமரா உங்கள் படத்தைக் கெடுக்காது, கூடுதலாக எதையும் தராது. கூடுதல் வேண்டுமென்றால், 100 மி.மீ. லென்ஸுக்கு 1/100 என்ற பழைய கணக்கை 1/200, முடிந்தால் 1/300 ஆக்குங்கள்.

அடுத்தது ஃபோகஸ். டிஎஸ்எல்ஆரின் ஆட்டோஃபோகஸ் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறது. படம் விழும் சென்சாருக்கு ஒளி போகும் தூரமும், ஃபோகஸ் சென்சாருக்குப் போகும் தூரமும் இம்மியளவு மாறினாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழும். 24 மெகாபிக்சலில் மன்னித்துவிடக்கூடிய பிழை 45இல் முகத்தில் அறையும். லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஆட்டோஃபோகஸ் பிழையைக் கேமராவில் திருத்தி வைப்பது) செய்துகொள்ளுங்கள்; டி850இல் லைவ் வியூவை வைத்து கேமராவே இதைச் செய்துகொள்ளும் வசதி உண்டு. ஆனால் அசையாத பொருளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. லைவ் வியூவைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். முடிந்தால் எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே செய்யுங்கள், சில லென்ஸ்களில் அப்பர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

ஓவியப் பிரதிக்கு ஃபோகஸைவிடப் பெரிய தொல்லை, கேமராவை இணையாக நிறுத்துவது. சென்சாரும் ஓவியமும் துல்லியமாக இணையாக இல்லையென்றால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும், பலர் லென்ஸைக் குற்றம் சொல்லிவிடுவார்கள். இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஓவியத்தின் நடுவில், அதே தளத்தில் தட்டையாக ஒரு சிறு முகக்கண்ணாடியை வையுங்கள். லைவ் வியூவில் பாருங்கள், உங்கள் லென்ஸின் பிம்பம் அதில் தெரியும். அந்தப் பிம்பம் ஃப்ரேமின் சரியான நடுவில் வரும்வரை கேமராவை நகர்த்துங்கள், திருப்புங்கள். வந்துவிட்டால் இணையாகிவிட்டது. ஸ்பிரிட் லெவலைவிட இதை நான் நம்புவேன். அப்புறம், ஃபோகஸை நடுமையத்தில் வைக்காமல், நடுவுக்கும் மூலைக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்துப் பாருங்கள். பல லென்ஸ்களின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்திருக்கும், இப்படி வைத்தால் மையமும் ஓரமும் சமாதானமாகப் போகும்.

மூன்றாவது டிஃப்ராக்ஷன். சிறிய துளை வழியே வரும் ஒளி புள்ளியாக விழாமல் வட்டமாகப் பரவுவது. பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப்/5.6இல் சுமார் 7.5 மைக்ரான், எஃப்/8இல் 10.7, எஃப்/16இல் 21க்கு மேல். பிக்சல் 4.35 மைக்ரான்தானே, அப்படியானால் எஃப்/8இலேயே எல்லாம் போச்சா என்று பயப்பட வேண்டாம். இது திடீரென்று விழும் பள்ளம் இல்லை, மெதுவாக இறங்கும் சரிவு. நல்ல லென்ஸில் உச்சம் எஃப்/5.6 அருகே இருக்கும், எஃப்/8 தாராளமாகப் போகும், எஃப்/11இல் இழப்பதை ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக்கோப்பு) ஷார்ப்பனிங் கணிசமாக மீட்டுவிடும். எஃப்/16இல் நின்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய கூடுதல் நுணுக்கத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

மேக்ரோவில் இது இன்னும் கடுமை. ஒன்றுக்கு ஒன்று அளவில் (பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி) எடுக்கும்போது, லென்ஸில் எஃப்/8 என்று வைத்தாலும் உண்மையில் வேலை செய்வது எஃப்/16 போல. நிக்கான் பாடிகளில் நிக்கானின் மேக்ரோ லென்ஸ் மாட்டினால் இந்தப் பயனுறு எண்ணையே திரையில் காட்டும், கேனான் காட்டாது, நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் கூர்மையாக இருக்கும் ஆழம் (டெப்த்) வேண்டுமென்று எஃப்/22க்குச் சுருக்குவதற்குப் பதில், எஃப்/5.6இல் வைத்து ஃபோகஸை அடுக்கடுக்காக நகர்த்திப் பல படம் எடுத்து இணைப்பதுதான் வழி. நிக்கானில் இதைத் தானியங்கியாக்கி முதலில் தந்தது டி850தான்: ஃபோகஸ் ஷிஃப்ட் முறையில் 300 படம் வரை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் கேமரா இணைத்துத் தராது, அதைக் கணினியில் மென்பொருளில்தான் செய்ய வேண்டும். சிறு பொருட்கள் உங்கள் வேலையின் முக்கியப் பகுதி என்றால், டி810ஐவிட டி850க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இந்த ஒரு வசதியே நியாயப்படுத்தும்.

இப்போது துணிக்கு வருவோம். இங்கேதான் பாடித் தேர்வு உண்மையாகவே மாறுகிறது. சென்சாரின் முன்னே படத்தை மயிரிழையளவு மங்கலாக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இருப்பது வழக்கம். நெசவு மாதிரி சீராகத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு பிக்சல் வரிசையோடு மோதும்போது மொய்ரே எனும் வானவில் அலைகள் எழும், அதைத் தடுக்கத்தான் அந்த ஃபில்டர். 2012இல் வந்த டி800இல் அது உண்டு, கூடவே வந்த டி800ஈயில் அதன் விளைவு நீக்கப்பட்டது. 2014இன் டி810இலும் 2017இன் டி850இலும் ஃபில்டரே இல்லை. 2015இல் கேனான் இரட்டையாக வெளியிட்ட 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் இரண்டும் ஒரே 50.6 மெகாபிக்சல்தான், 5டிஎஸ் ஃபில்டரோடு, 5டிஎஸ் ஆர் அதன் விளைவை நீக்கி. எல்லோரும் ஆர் பின்னால் ஓடுகிறார்கள். துணி எடுப்பவருக்கு நான் ஆர் இல்லாத 5டிஎஸ்ஸைத்தான் சொல்வேன். அது இழக்கும் கூர்மையை ஷார்ப்பனிங் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும், பட்டு இழையில் ஏறிய மொய்ரேயை எந்த மென்பொருளும் முழுதாக இறக்கித் தராது. நிறம் கெட்டால் சரிசெய்யலாம், இழையின் வடிவமே பொய்யாகப் பதிவானால் உண்மை எங்கிருந்து வரும்?

ஃபில்டர் இல்லாத பாடியே கையில் இருந்தால், மொய்ரே தெரிந்ததும் கேமராவைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்துங்கள் அல்லது சில பாகை திருப்புங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால் எஃப்/11, எஃப்/16 என்று சுருக்குங்கள். மேலே திட்டிய டிஃப்ராக்ஷனே இங்கே ஃபில்டர் வேலையைச் செய்யும்.

நீங்கள் கேட்காத ஒரு பாடியையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த பென்டாக்ஸ் கே-1, 36 மெகாபிக்சல். அதன் பிக்சல் ஷிஃப்ட் முறையில் சென்சாரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நான்கு படம் எடுத்து ஒன்றாக்கும். சாதாரண சென்சாரில் ஒரு பிக்சல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பதிவு செய்கிறது, மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்கப்படுகின்றன. இங்கே ஊகம் இல்லை, ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறமும் உண்மையாகவே அளக்கப்படுகின்றன. அசையாத ஓவியத்துக்கும் விரித்து வைத்த துணிக்கும் 36 மெகாபிக்சல் கே-1 தரும் படம் எண்ணிக்கையில் அதைவிடப் பெரிய சென்சார்களுக்கு ஈடு கொடுக்கும். லென்ஸ் தேர்வு குறைவுதான், ஆனால் உங்களுக்குத் தேவை ஒரு நல்ல மேக்ரோ, அது அங்கே இருக்கிறது. நிலக்காட்சியில் இலையும் நீரும் அசையும் என்பதால் அங்கே இது உதவாது.

லென்ஸைப் பற்றி: "45 மெகாபிக்சலுக்குத் தகுந்த லென்ஸ் வேண்டும், பழையது தாங்காது" என்பது அரை உண்மை. சென்சார் கூடினால் எந்த லென்ஸும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும், குறையாது. ஆனால் எவ்வளவு கூடும் என்பது லென்ஸைப் பொறுத்தது. உங்கள் வேலைக்கு விலை உயர்ந்த எஃப்/1.4 லென்ஸ்கள் வேண்டியதில்லை. 60 மி.மீ. அல்லது 100 மி.மீ. மேக்ரோ போதும், மேக்ரோ லென்ஸ்கள் தட்டையான பொருளைக் கிட்டத்தில் எடுப்பதை மனதில் வைத்தே வடிவமைக்கப்படுபவை, எஃப்/5.6–8இல் மூலைவரை சீராக இருக்கும். கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் ஜூமை மாட்டி டி850ஐக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள், அந்த வரிசையில் சேர வேண்டாம்.

நிழல் பகுதிகளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நிக்கான் பக்கம் ஒரு சாதகம் உண்டு. டி810, டி850 இரண்டுக்கும் அடிப்படை ஐஎஸ்ஓ 64. ட்ரைபாடில் எடுப்பவருக்கு, ஐஎஸ்ஓ 100ஐவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது) அதிக ஒளியைச் சென்சார் வாங்கிக்கொள்ளும் என்பது நிழலின் சுத்தத்தில் நன்றாகவே தெரியும். 5டிஎஸ் வரிசையில் அடர்நிழலைத் தூக்கினால் இரைச்சல் சீக்கிரம் தலைகாட்டும், ஐஎஸ்ஓவும் 6400 வரைதான், நீட்டித்தால் 12800. சீரான வெளிச்சத்தில் ஓவியம் எடுக்க அது குறையே இல்லை. வெயிலும் நிழலும் கலந்த நிலக்காட்சியில் குறைதான்.

ஃபைல் அளவு: டி850இன் 14-பிட் ரா, தரம் இழக்காத சுருக்கத்தில் ஏறக்குறைய 50 எம்பி. அதையே 16-பிட் டிஃப் ஆக்கினால் 270 எம்பி தாண்டும், லேயர் போட்டால் ஜிபி கணக்குக்குப் போய்விடும். ஃபோகஸ் அடுக்கு வேலை செய்வதாக இருந்தால் கணினியின் மெமரிக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

மிரர்லெஸ் கேள்விக்கு வருகிறேன். புதிதாக எல்லாவற்றையும் ஆரம்பிப்பவர் என்றால் மிரர்லெஸ்தான் நேர்வழி. கண்ணாடி இல்லை, படம் விழும் சென்சாரின் மேலேயே ஃபோகஸ் நடக்கிறது, ஃபைன் ட்யூன் தொல்லை இல்லை, பெரிதாக்கிய காட்சியைக் கண்ணில் வைத்தே பார்க்கலாம். ஆனால் நீங்கள் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் வைத்திருக்கிறீர்கள், எடுப்பதும் பெரும்பாலும் ட்ரைபாடில். லைவ் வியூவில் கண்ணாடியைத் தூக்கிவிட்ட டி850 அந்த நேரத்தில் ஒரு மிரர்லெஸ்தான். 2018இல் வந்த நிக்கான் இசட்7உம் அதே 45.7 மெகாபிக்சல், அதே ஐஎஸ்ஓ 64. ட்ரைபாடில் எடுத்த இரண்டு படத்தையும் அச்சில் பிரித்துச் சொல்வது கடினம். பழைய பாடிகள் கைமாறும் விலை இறங்கிவிட்ட நிலையில், மிச்சப்படும் பணம் மேக்ரோ லென்ஸுக்கும் கனமான ட்ரைபாடுக்கும் போவது உங்கள் படத்துக்கு அதிக நன்மை செய்யும். நாளைக்கு மிரர்லெஸுக்குப் போனாலும் லென்ஸ்கள் அடாப்டரில் கூடவே வரும். ஒரு எச்சரிக்கை மட்டும்: லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப்-டி வகைகள், நிக்கான் மிரர்லெஸுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் செய்யாது.

ஆக, கையில் நிக்கான் லென்ஸ் இருந்தால் டி850, பணம் இடித்தால் டி810. கேனான் லென்ஸ் இருந்தால் துணிக்காக 5டிஎஸ், ஓவியமும் நிலக்காட்சியும் மட்டும் என்றால் ஆர். பிரதி வேலையே பிழைப்பு என்றால் கே-1.

பழைய பாடி வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். டி810, டி850 இரண்டின் ஷட்டரும் 2 லட்சம் இயக்கங்களுக்கும், 5டிஎஸ் வரிசை 1.5 லட்சத்துக்கும் சோதிக்கப்பட்டவை. எஃப்/16இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, சென்சாரில் துடைத்தும் போகாத கீறல் இருக்கிறதா பாருங்கள். ஃப்ரேமின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டு பக்க ஏஎஃப் புள்ளிகளிலும் ஒரே பொருளை எடுத்து ஒப்பிடுங்கள்.

அதற்கும் முன்னால், இப்போது இருக்கும் 24 மெகாபிக்சல் கேமராவில் மேலே சொன்ன கடிகாரச் சோதனையைச் செய்துவிடுங்கள். அப்புறம் வாங்க நினைக்கும் பாடியை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, அதே ஓவியத்தை அதே லென்ஸ், அதே வெளிச்சத்தில், லைவ் வியூவிலேயே இரண்டு கேமராவிலும் எடுங்கள். இரண்டையும் நீங்கள் வழக்கமாக அச்சிடும் அளவில் அச்சிட்டு, பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் நின்று பாருங்கள். அந்தத் தூரத்தில் தூரிகைத் தடம் கூடுதலாகத் தெரிந்தால் தயங்காமல் வாங்குங்கள். தெரியவில்லையென்றால் அந்தப் பணத்தை லென்ஸிலும் ட்ரைபாடிலும் போடுங்கள்.